நிறுத்தும் கயிறு

நொய்யல் கரையில் இருந்த நல்லசிவத்தின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் அமரும் பலகைக்கு நேர் மேலே ஒரு வெண்கல மணி தொங்கும். அதன் கயிறு மட்டும் கேட்பவர்கள் பக்கம் இருக்கும். குரு சொல்வதில் பிசகு கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் அவர் பேச்சை நிறுத்தியாக வேண்டும்.

ரங்கநாயகி அன்று அந்த மணியோடு சண்டை போடத்தான் வந்திருந்தாள். குருவைவிடப் பதினாறு வயது மூத்தவள். தையல் மிஷினில் உட்கார்ந்து தொழில் பழகியவள். கணவன் போன பிறகு திருப்பூரில் அவன் விட்டுச்சென்ற பனியன் கம்பெனியைத் தனியாக நடத்துகிறவள்.

"உங்க மணியைப் பார்த்துத்தானுங்க சாமி, என் கம்பெனியில லைனுக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டினேன். தப்பு தெரிஞ்சா யாரு வேணா இழுக்கலாம், அத்தனை மிஷினும் நிக்கும்னு."

"நான் கட்டச் சொல்லலீங்களே."

"சொல்லலை. நானாத்தான் கெட்டேன்."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் சரசாள் என்ற டெய்லர் கயிற்றை இழுத்தாள். அவள் மிஷினில் ஊசி முறிந்து, முனையைக் காணவில்லை. முக்கால் மணி நேரம் எல்லோரும் தேடினார்கள். ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்துப் பட்டியில் அது கிடைத்தது. அதற்குள் லாரி தவறிவிட்டது. லாரி தவறியதால் தூத்துக்குடியில் கப்பலும் தவறியது.

"திங்கக்கிழமை கூட்டமுங்க. கயிறு அத்தனையும் அறுக்கணும், சரசாளை வீட்டுக்கு அனுப்பணும்னு கம்பெனியில பங்கு வெச்சிருக்கற கொழுந்தனார் சொல்லிட்டாரு. இல்லாட்டி நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கணுமாம். மத்த பங்குக்காரங்களும் அவரு பக்கம்."

"நீங்க என்ன செய்யறதா இருக்கீங்க அம்மணி?"

"குழந்தை கழுத்துல ஊசிங்க சாமி! அறுக்க மாட்டேன். அவளையும் அனுப்ப மாட்டேன். என்ன பேசி ஜெயிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

குரு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கயிறுங்கறது ஒரு நம்பிக்கை. முதலாளி தொழிலாளிக்கு மனசு வந்து கொடுக்கிற—"

மணி அடித்தது.

சமையல்கார மாரப்பன் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். இன்னொரு கையில் கரண்டி.

"என்ன மாரப்பா?"

"அந்தப் பொண்ணு ஊசியக் காணோம்னு இழுத்துச்சு. நீங்க எங்கியோ இழுத்துட்டுப் போறீங்க சாமி."

"சரி" என்று சொல்லிவிட்டு குரு வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அவர் ரங்கநாயகி பக்கம் திரும்பினார்.

"இப்ப மணி அடிச்சதே, நின்னது யாரு?"

"நீங்க."

"உங்க கம்பெனியில கயிறு இழுத்தா?"

"லைன் நிக்கும்."

"லைன்னா?"

"டெய்லருங்க. செக்கிங் பொண்ணுங்க." அவள் குரல் இறங்கியது.

"அந்த ஆர்டருக்குத் தேதி ஒத்துக்கிட்டது அவங்களா?"

"நானுங்க."

"உங்களை நிறுத்தற கயிறு எங்க தொங்குது அம்மணி?"

அவளுக்கு அந்தத் தேதியை ஒத்துக்கொண்ட மத்தியானம் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சரசாள் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, இந்தத் தேதிக்கு முடியாதுங்க்கா" என்று சொல்ல வந்தவள். காதில் போனை வைத்துக்கொண்டே ரங்கநாயகி அவளைப் போ என்று கையசைத்தாள். அவளும் போய்விட்டாள்.

குரு பலகையின் மேல் ஏறி மணியைக் கழற்றினார். கயிற்றை அதன் கழுத்தில் சுற்றி அவள் மடியில் வைத்தார். நினைத்ததைவிடக் கனத்தது.

"உங்க மேசைக்கு மேல கட்டுங்க. கயித்தை சரசாள் கையில குடுங்க. கொழுந்தனார் வரும்போது அது அங்க இருக்கட்டும்."

"அவரு குதியா குதிப்பாருங்க. அன்னிக்கே நாற்காலி போயிரும்."

"போனாப் போகட்டும்" என்றார் குரு. "மணியை மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துடாதீங்க. அது திரும்பி வர்ற வரைக்கும் நான் பேச முடியாது."