தோணி ஆடியது யாரால்?

தெக்லாவுக்கு நடந்தது அநியாயம். நங்கூரம் போட்டு நின்ற தோணி மூன்று நாளாகப் பக்கத்துக்குப் பக்கம் உருண்டது. பொம்பளை ஏறியதால்தான் உருளுகிறது என்று போனிபாஸ் தலைமையில் ஐந்து ஆண்கள் கூடித் தீர்மானித்துவிட்டார்கள்.

இன்று காலையிலேயே அவளைக் கரைக்கு அனுப்ப வேண்டுமாம்.

இறங்கினால் முடிந்தது. பாய் விரித்து ஓட்டக் கற்றுக்கொடுக்க அவளை ஏற்றிக்கொண்ட தண்டல், அந்தக் கடற்கரை முழுக்க ஒருவர்தான்.

தண்டல்தான் தோணிக்குத் தலைவர். பெயர் சலேத். தெக்லாவைவிட ஐந்து வயது இளையவர். தோணியின் மூக்கில் உட்கார்ந்து கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"தண்டலே, நான் ஏறினதாலயா தோணி ஆடுது?"

"காத்து எங்கேருந்து வருதுக்கா?"

"வடக்கேருந்து."

"தோணி எந்தப் பக்கம் பாக்குது?"

"வடக்க."

"அலை?"

"கிழக்கேருந்து. நேரா விலாவுல அடிக்குது. அதைத்தானே மூணு நாளா கத்துறேன்! அந்த போனிபாஸ் காதுல ஏறுதா?"

சலேத் ஊசியில் நூல் கோத்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்கிருவாங்க."

"அடங்கிருவாங்க. அடுத்த தோணியில யாரு சொல்லுவா?"

"அப்ப, நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

"இருக்கு. மூணு நாளா அதைப் பேசுறீங்க. ஆட்டம் நின்னுச்சா?"

தெக்லாவுக்குச் சுருக்கென்றது.

தண்டல் காலடியில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்து அவள் மடியில் போட்டார். மறுபடி தைக்கத் தொடங்கினார்.

அவள் நங்கூரக் கயிற்றைப் பார்த்தாள். தோணியை அது மூக்கில் மட்டும் பிடித்திருந்தது. மூக்கில் மட்டும் பிடித்தால், தோணி காற்றைத்தான் பார்க்கும்.

பின்புறத்தையும் சேர்த்துப் பிடித்தால்?

நங்கூரக் கயிற்றில் புதுக் கயிற்றின் ஒரு முனையை முடிந்தாள். மறுமுனையை மேற்குப் பக்க வெளிவிளிம்போடு கொண்டுபோய்ப் பின்புறத்தில் கட்டினாள். திரும்பி வந்து நங்கூரக் கயிற்றை இன்னும் எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி, நீளவிட்டாள்.

எவனும் பார்க்கவில்லை. கரைக்குப் போகும் சிறு வள்ளத்தைக் கடலில் இறக்கி, அவள் பெட்டியை அதில் ஏற்றுவதில் அத்தனை மும்முரம்.

புதுக் கயிறு விறைத்துப் பின்புறத்தை இழுத்தது. தோணி மெல்லத் திரும்பியது. கிழக்கைப் பார்த்தது.

அலை மூக்கின் கீழே நுழைந்தது. தூக்கியது. இறக்கியது. போய்விட்டது.

உருளல் இல்லை.

போனிபாஸ் கைதட்டினான். "பாத்தீங்களாலே! பெட்டிய இறக்கினதுமே கடல் அடங்கிட்டு!"

மற்ற நால்வரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தெக்லா தண்டல் பக்கம் திரும்பினாள். "தண்டலே! இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் ஊசியைப் பாயில் குத்திவைத்தார். எழுந்தார். நங்கூரக் கயிற்றை உள்ளே இழுத்தார். அவள் போட்ட இரண்டு முடிச்சையும் அவிழ்த்தார்.

தோணி வடக்கே திரும்பியது. அடுத்த அலை விலாவில் அறைந்தது. கஞ்சிப்பானை உருண்டோடியது. இரண்டு பேர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள்.

"பெட்டி வள்ளத்துலதானே இருக்கு?" என்றார் சலேத்.

எல்லோரும் வள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள்.

அவர் அவிழ்த்த புதுக் கயிற்றை போனிபாஸிடம் நீட்டினார். "அக்கா கட்டியிருந்த கயிறு இது. நீ ஆட்டத்த நிறுத்து."

போனிபாஸ் அதைப் பாய்மரத்தில் கட்டினான். தோணி உருண்டது. சுக்கானில் கட்டினான். அப்போதும் உருண்டது. கடைசியில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"யக்கா," என்றான். "இதை எங்க கட்டணும்?"

தெக்லாவிடம் மூன்று நாள் வாதம் அப்படியே மிச்சமிருந்தது. தண்டலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல என் பெட்டிய மேல ஏத்து," என்றாள்.