இடக்கையின் வேலை

“ஒட்டவே மாட்டீங்குதுங்க அம்மிணி,” என்றார் நாச்சிமுத்து. “என்ன பண்ணுனாலும் நடுவுல டக்குங்குது.”

மெஹருன்னிசா கையிலிருந்த ஒயரை உரித்து முடித்தாள்.

“இன்னொருக்கா வாசிங்க ஐயா.”

வாசித்தார். டக்கென்றது.

“இன்னொருக்கா.”

மறுபடியும் டக்கென்றது.

ஆசிரியைக்கு வயது முப்பது இருக்கும். மாணவர் அறுபதைக் கடந்தவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவையில், மூடிக் கிடந்த கிரைண்டர் ஆலை ஒன்றின் பின்கட்டில் இருந்தது அவளுடைய மின்னிசைக் கூடம். நாச்சிமுத்துவின் ஒரே மகன் பரிதி அங்கேதான் அவளோடு வாசித்துக்கொண்டிருந்தான். சென்ற மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

அவன் கடைசியாக வாசித்த இசை பதிவாகியிருந்தது. பாதி வாசிப்பில் இருமல் வந்து, பொத்தானைத் தட்டி நிறுத்திவிட்டு எழுந்து போனவன், திரும்பி வந்து முடிக்கவில்லை. பதிவு அறுந்த இடத்தில் அந்த டக் இருந்தது.

முதலாண்டு நினைவு நாளில் மகனின் பாதியை ஒலிக்கவிட்டு, மீதியைத் தாமே வாசிப்பதென்று நாச்சிமுத்து முடிவு செய்தார். அதற்காகவே சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி பழகினார். விரல் ஓரளவு படிந்துவிட்டது. மகனுடைய பகுதியிலிருந்து தம்முடைய பகுதிக்குக் கடப்பது மட்டும் படியவில்லை.

வீட்டில் அந்தப் பதிவு ஓடும்போதெல்லாம், அது அறுவதற்கு முன்பே அவர் மனைவி கமலாத்தாள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

“அந்தச் சத்தம் வராதுன்னாச் சொல்லுங்க, நினைவு நாளுக்கு வாரேன்,” என்று தீர்த்துச் சொல்லியிருந்தாள். “வருமுன்னா என்னைய வுட்டுருங்க. ஒருக்காப் போனவன் ஒருக்காப் போனதாவே இருக்கட்டும்.”

“காத்துச் சத்தம் ஒண்ண ஏத்தி அதுக்குள்ள மறைச்சுப் பார்த்தேனுங்க,” என்றார் நாச்சிமுத்து. “எதிரொலியும் போட்டுப் பார்த்தேன்.”

“புண்ணு மேல பவுடர் பூசுனாப்பல இருந்துதுங்களா?”

“அதே மாதிரிதானுங்க.”

“நகருங்க. நான் வாசிக்கறேன். ஒரு பாட்டுல இருந்து இன்னொண்ணுக்குப் போவேன். மாறுற எடத்துல கையத் தூக்குங்க.”

அவள் வாசித்தாள். ஆழத்தில் ஏதோ முனகிற்று. அதன்மேல் மணியோசை போன்ற ஒன்று சொட்டியது. நாச்சிமுத்து கண்களை மூடிக்கொண்டார். மின்கம்பத்தில் நிற்பவன் கம்பியைக் கவனிப்பதுபோல் கவனித்தார். நெடுநேரம் கழித்துக் கையைத் தூக்கினார்.

“மொதல் பாட்டு போயி ரொம்ப நேரமாச்சுங்க ஐயா.”

“எப்பப் போச்சு?”

“நீங்க காத்துட்டு இருந்தப்ப.”

நாச்சிமுத்து கண்களைத் திறந்தார். “எப்படீங்க அது?”

“நீங்க எப்படிப் பண்றீங்கன்னு சொல்லுங்க மொதல்ல.”

“அவன் முடிச்சதுக்கப்புறம் நான் ஆரம்பிக்கறேன்.”

“ஏன்?”

“ஏன்னா?” நாச்சிமுத்துவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “ஒரு லைன அணைக்காம இன்னொரு லைன இணைக்கக் கூடாதுங்க. ரெண்டு பக்கமும் கரண்டு இருந்தா நடுவுல இருக்கறவன் செத்துப் போவான். முப்பத்தஞ்சு வருசம் அதத்தான் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன்.”

“ஈ.பி.காரங்களுக்கு நிறுத்தறதுதான் நல்லா வருமுன்னு ஊருக்கே தெரியுமே.”

அவர் சிரித்தார். சிரித்து நாளாகியிருந்ததால் அது இருமலாகத் தேய்ந்தது.

“இங்க ரெண்டு லைனும் உயிரோட இருக்கோணுமுங்க,” என்றாள் அவள். “அவன் முழுசா இருக்கறப்பவே நீங்க உள்ள வந்துரோணும். யாருக்கும் தெரியாம, அடியில. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா அவன் இறங்கோணும், நீங்க ஏறோணும்.”

அடுத்த வாரம் அவர் அப்படியே செய்தார். பரிதியின் இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்முடைய சுரத்தை அடியில் சன்னமாக வைத்தார். அது மெல்ல ஏறிற்று. இரண்டும் ஒன்றையொன்று அறிந்தவைபோல் சேர்ந்து நடந்தன. மெஹருன்னிசாவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டக்.

மகனின் ஓசை முழு உயரத்திலிருந்து அறுந்து விழுந்தது. பாதியாயிருந்த தகப்பனின் ஓசை தனியே நின்று விழித்தது. முன்பிருந்ததைவிட இது மோசம்.

“வலக்கை என்ன பண்ணுச்சுங்க ஐயா?”

“என்னுத ஏத்துச்சு.”

“இடக்கை?”

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். இடக்கை மடியில் மல்லாந்து கிடந்தது.

மெஹருன்னிசா அருகில் வந்து மிக்சர் பலகையைப் பார்த்தாள். ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் அதில் வரிசையாக இருந்தன. நாச்சிமுத்து துப்புரவானவர், வரும்போதெல்லாம் பலகையைத் துணியால் துடைப்பார். பரிதியின் ஓசைக்கான ஃபேடரை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்திருந்தார். அதன் தலையில் புழுதி படிந்திருந்தது. புழுதிக்கு அடியில் ஒரு விரலின் எண்ணெய்ப் பிசுக்கு.

“அவன் வெச்ச எடமுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“இத இறக்காம ஒட்டாதுங்க ஐயா.”

“தெரியுதுங்க.”

“நான் இறக்கட்டுங்களா?”

“வேண்டாமுங்க.”

“அப்ப டக்குன்னே இருக்கட்டும்.”

“கமலா வர மாட்டாளுங்க. வந்தாலும் எந்திரிச்சுப் போயிருவா.”



நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். “மெசினே தன்னால இறக்கிக்கறாப்பல பண்ண முடியுங்களா? பரிதி ஒருக்காச் சொன்னான், கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சுட்டா அதுவே பண்ணிக்குமுன்னு.”

“முடியும்.”

“யாரும் தொட வேண்டியதில்லீங்களே?”

“யாரும் தொட வேண்டியதில்ல.” அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். “ஆஸ்பத்திரியில கடைசியா அவனோட மூச்சு மெசின நிறுத்துனது யாருங்க ஐயா?”

வெளியே ஆலை முற்றத்தில் மழை தொடங்கியிருந்தது. தகரக் கூரை அதைப் பெரிதாக்கிச் சொன்னது.

“தெரியாதுங்க,” என்றார் நாச்சிமுத்து. “எங்களையக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொன்னாங்க. நின்னோம். மறுபடி கூப்புட்டப்ப எல்லாம் நிறுத்தி வெச்சிருந்தாங்க.”

மெஹருன்னிசா எழுந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். மிக்சருக்கு எதிரே அவருடைய நாற்காலியையும் சரியாகப் போட்டாள். பிறகு மழையில் நனைந்துகொண்டே வெளியே போய்விட்டாள்.

நினைவு நாள் மாலையில் கூடத்தில் பாய் விரித்திருந்தது. பரிதியின் தோழர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கமலாத்தாள் வந்திருந்தாள். ‘சத்தம் வருமா, வராதா’ என்று கணவரிடம் அவள் கேட்கவில்லை. அவரும் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில், எழுந்து போக வசதியாக, ஒரு முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“கம்ப்யூட்டருங்களா, கையுங்களா?” என்று மெஹருன்னிசா அவர் காதருகே கேட்டாள்.

“கம்ப்யூட்டர மூடிருங்க டீச்சர்.”

அதுவரை அவர் அவளை அப்படி அழைத்ததில்லை.

பரிதி வந்தான். இருந்தபோது வந்ததைப் போலவே, எதையோ யோசித்துக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தான். தாழ்ந்த முனகல் பாயின் வழியே எல்லோருடைய எலும்பிலும் ஏறியது.

நாச்சிமுத்து வலக்கையால் தம் சுரத்தை அடியில் வைத்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலருகே கமலாத்தாளின் உடம்பு இறுகுவதை அவர் பார்த்தார். அவளுக்கு அந்த இசை மனப்பாடம். அறுகிற இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

அவர் இடக்கையைத் தூக்கினார்.

ஃபேடரின் தலை, விரல் பட்டதும் ஒட்டிற்று. அப்புறம் இடம் கொடுத்தது. இவ்வளவு எளிதாக அது நகரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. நகராமல் அடம்பிடிக்கும் என்று எண்ணியிருந்தார். பிள்ளை தூங்கியபின் தோளிலிருந்து இறக்குவதுபோல் இறக்கினார். பாயில் முதுகு பட்டும் கையை உருவாமல் வைத்திருப்பதுபோல், நடுவில் சற்று நிறுத்தி, மீண்டும் இறக்கினார். வலக்கை ஏறிக்கொண்டிருந்தது.

ஃபேடர் அடித்தட்டைத் தொட்டது. அதை அவருடைய விரல் மட்டும் உணர்ந்தது.

மகனின் ஓசைக்கென்று பலகையில் ஒரு சிறிய பச்சை விளக்கு உண்டு. வெளியே கேட்காவிட்டாலும் பதிவு உள்ளே ஓடும்வரை அது துடிக்கும். நாச்சிமுத்து வாசித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது துடித்தது. துடித்தது. பிறகு அணைந்தது.

கூடத்தில் டக்கென்ற சத்தம் எழவில்லை. அவர் தம் பகுதியைத் தவறில்லாமல் வாசித்து முடித்தார்.

தோழர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் கையைப் பற்றிவிட்டுப் போனார்கள். மெஹருன்னிசா ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

கமலாத்தாள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். தரையில் ஊன்றிய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க,” என்றாள். “நான் காத்துட்டே இருந்தேன். அவன் எப்பங்க போனான்?”

நாச்சிமுத்து தம் இடக்கையை மடித்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

“எனக்குந் தெரியலியே கமலா.”