இடது பக்கத்துப் பட்டை

டிரைவர் மாதையன் தன் முதலாளி அர்த்தநாரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். அப்போதும் அவருடைய இடது கை விரல் போர்வையை இழுத்துக்கொண்டே இருந்தது.

புது ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய வாரம், ஏற்காட்டு மலை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும்போது மாதையன் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த கியர் பட்டையைத் தொட்டான். முதலாளி சீறினார்.

“தானா கியர் மாறுற வண்டிக்கு அந்தப் பொம்மை எதுக்குடா? நகரு, நானே ஓட்டறேன். நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே.”

“சரிங்க. பாதி மலை நீங்க, மீதி நான். யாரு ஓட்டுனது சரின்னு சக்கரத்தைக் கேப்போமுங்க.”

முதலாளி பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி மலை இறக்கினார். அங்கே ஒரு டீக்கடை. பிரேக் சூட்டைப் பார்க்க, மலை டிரைவர்களின் வழக்கப்படி மாதையன் சக்கரத்தில் தண்ணீர் தெளித்தான். சுர்ரென்று ஆவி பறந்தது! டீ குடித்தவர்களெல்லாம் டம்ளரோடு ஓடிவந்தார்கள்.

“முதலாளி, தோசையே ஊத்தலாமுங்க!” என்றான் மாதையன்.

பிரேக் ஆறியதும் மாதையன் இறக்கினான். இடது பட்டையை இழுக்க இழுக்க கியர் ஒவ்வொன்றாகக் குறைந்து, எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. அடிவாரத்தில் தெளித்த தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது.

“சமதரையிலேயும் இதை இழுக்கணுமாடா?”

“அங்கே அது பொம்மைதானுங்க.”

“நாளைக்கு நேரத்தோட வந்திரு. எனக்கும் கத்துக் குடு.”

அந்தக் காரில் இன்று இடது பட்டையின் கறுப்புச் சாயம் மட்டும் தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது.