துப்பக் கற்றுக்கொண்டவர்

கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம். கரக், கரக் என்று இரண்டு முறை. காரைக்காலில், மிஷன் பள்ளிக்கூடத்துக் கஞ்சி வரிசையில், ஏழு வயதில் சபாநாயகம் கேட்டது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்குக் கஞ்சி கிடையாது. அவர் எப்போதும் பின்னால்தான் நின்றார்.

அதனால்தான், அறுபத்தொன்பதாவது வயதில், பிரான்சில், போர்தோ நகரத்துக்கு வடக்கே ஒரு நிலவறையில், வாயில் விட்ட ஒயினைத் துப்பச் சொன்னபோது அவரால் முடியவில்லை. விழுங்கிவிட்டார்.

"துப்பணும் ஐயா," என்றாள் மதலேன்.

"வாய்க்குள்ள வந்ததை எப்படிம்மா வெளிய அனுப்புறது?"

"வீட்டுக்கு வந்தவங்கள வழியனுப்புற மாதிரி."

"எங்க வீட்டுக்கு வந்தவங்க தங்கிட்டுத்தான் போவாங்க."

"ஒரு காலையில முப்பது பீப்பாய் ருசி பார்க்கணும். எல்லாத்தையும் தங்க வெச்சீங்கன்னா நாலாவது பீப்பாய்ல பாட ஆரம்பிச்சிடுவீங்க."

"நான் நல்லாப் பாடுவேன்."

"அதுக்குத்தான் பயப்படுறேன்."

மதலேனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அவள் அப்பாவும் காரைக்கால்காரர்தான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவள் பேசிய தமிழ் அவர் விட்டுவிட்டுப் போனது. பெயரைச் சொன்னாலே ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அந்தத் திராட்சைத் தோட்டத்தில், நிலவறையும் அதிலிருந்த பீப்பாய்களும் அவள் பொறுப்பு.

சபாநாயகம் முப்பத்தொரு வருடம் ஒரு வியாபாரியின் கிடங்கில் ஒயின் பெட்டி சுமந்தவர். பெட்டிக்குள் இருந்ததை ஒரு நாளும் ருசித்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு பை ஆரஞ்சுப்பழத்தோடு மதலேன் முன்னால் வந்து நின்றார்.

"இத்தனை வருஷம் என்னத்தைத் தூக்கினேன்னு தெரிஞ்சுக்கணும்," என்றார்.

மகள் வயதுள்ளவளை அவர் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். இரண்டாவது மாதத்தில் கேலி போய்விட்டது. கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு நாள் அவள் இரண்டு பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முதலாவது பட்டாய் இறங்கியது. அடுத்தது நாக்கைப் பிடித்து முறுக்கியது.

"முதல்லதுதான்," என்றார் சபாநாயகம்.

"ஏன்?"

"அன்பா இருக்கு."

"அது அவசரப்பட்டுடுச்சு ஐயா. ஆறு வருஷத்துல முடிஞ்சிடும். இந்த முரட்டுப் பயதான் இருபது வருஷம், முப்பது வருஷம் நிப்பான்."

"முகத்தைச் சுளிக்க வைக்கிறதையா வாங்குறாங்க?"

"அதைத்தான் வாங்குறாங்க."

அந்த ஊர் வழக்கம் அது. செப்டம்பரில் பறித்த பழம் ஏப்ரலில் பீப்பாய்க்குள் இருக்கும். ஒயின் என்று சொல்ல நா கூசும். அப்போதே உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். வாயில் வைத்துப் பார்ப்பார்கள், மரத்தூள் நிரப்பிய வாளியில் துப்புவார்கள், வாங்கிவிடுவார்கள். பாட்டில் வீட்டுக்கு வர இரண்டு வருடம் ஆகும். திறந்து குடிக்க இருபது.

சபாநாயகம் இதை முதன்முதலில் கேட்டபோது, "கல்யாணத்துக்கு முன்னாடியே பேரப்பிள்ளைக்குச் சட்டை எடுக்குற மாதிரியில்ல இருக்கு," என்றார்.

துப்பப் பழகியது வீட்டில்தான். குளியலறைத் தொட்டி முன்னால் நின்று புளித்தண்ணீரை வைத்துப் பழகினார். முதலில் சட்டையில் விழுந்தது. பிறகு சுவரில். அவர் மனைவி செலஸ்தீன் வாசற்படியில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"பல்லு வெளக்கினாலே பாதியை முழுங்குற மனுஷன். போயும் போயும் இந்த வித்தைக்கா குரு தேடினீங்க?"

மார்ச் மாதம் ஒரு காலையில் அவர் வாயிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று நேராய்ப் போய் வாளியின் நடுவில் விழுந்தது. மதலேன் "ம்," என்றாள். அவ்வளவுதான். அதையே ஒரு பதக்கம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதே வாரம் செலஸ்தீனின் பரிசோதனை முடிவு வந்தது. கணையத்தில் புற்றுநோய் இருந்தது. வெகுநாளாகவே இருந்திருக்கிறது.

செலஸ்தீனும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவள்தான். இருபத்திரண்டு வருடம், அறுவடை வந்தால், பழம் பொறுக்கும் மேசையில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. கொத்துகள் ஓடும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும். இலை, காம்பு, பழுக்காத காய் எல்லாவற்றையும் விரல் நுனியால் எடுத்தெறிய வேண்டும். போன செப்டம்பரிலும் நின்றாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அறுவடைக்கு வந்தவர்களுக்குத் தோட்டம் ஒரு சலுகை தருவது உண்டு. ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளில் பெயர் எழுதிக் கொடுத்தால், பாட்டிலில் அடைக்குமுன்பே ஆறு பாட்டில் அவர்களுக்கென்று ஒதுக்கப்படும். செலஸ்தீன் ஒரு வருடமும் பெயர் எழுதியதில்லை, அந்தத் தாளில் கறிவேப்பிலை மடித்து வைப்பாள். இந்த வருடத் தாளைச் சபாநாயகம் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. மடிப்பு நைந்துபோயிற்று.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலை, வியாபாரிகளின் கடைசிக் கூட்டமும் போன பிறகு, நிலவறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மதலேன் துப்பிய வாளிகளை ஓரமாய் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"குருவே."

"சொல்லுங்க ஐயா."

"இந்த ஒயினை வாங்கலாமா?"

"நல்ல வருஷம்."

"அதைக் கேக்கல."

அவளுக்கும் தெரியும். வாளியைக் கீழே வைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இலை உதிர்ற வரைக்கும்னாரு."

நிலவறை குளிர்ந்திருந்தது. எங்கோ ஒரு பீப்பாயின் மரம் மெல்லச் சொடுக்கியது.

"பேர் எழுதினா, நீ குடிக்க இருப்பேன்னு அவகிட்ட பொய் சொல்றேன். எழுதாம விட்டா, நீ இருக்க மாட்டேன்னு நானே சொல்றேன். தாளை நான் வெச்சிருக்கறது அவளுக்குத் தெரியும். கேக்கல. நான் என்ன செய்யப்போறேன்னு பார்த்துக்கிட்டே இருக்கா." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தெட்டு வருஷத்துல அவ முன்னாடி நான் இப்படி நின்னதில்லம்மா."

மதலேன் வரிசையின் கடைசிப் பீப்பாய்க்குப் போனாள். மரச்சுத்தியால் இரண்டு பக்கமும் தட்டி அடைப்பைத் தளர்த்தினாள். நீண்ட கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினாள். கறுஞ்சிவப்பாய் ஏறி வந்தது. அதை ஒரு சின்னக் குப்பியில் இறக்கித் தக்கை போட்டாள்.

"இது எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார் சபாநாயகம், கேட்க வேறு ஒன்றும் தோன்றாமல்.

"சாயங்காலம் வரைக்கும். வண்டியில ஏறுங்க."

செலஸ்தீன் அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. மேசைமேல் தாம்பாளத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய பாக்கெட் பருப்பு. அதில் கல் இருக்காது என்று அவளுக்கும் தெரியும். விரல் கேட்கவில்லை.

"குருவும் சிஷ்யனும் ஜோடியா வர்றீங்க. என்ன மதலேன், இவரை ஃபெயில் ஆக்கிட்டியா?"

"பாஸ் ஆயிட்டாரும்மா. சொல்லிட்டுப் போக வந்தேன்."

"துப்புறதுக்குப் பாஸு. எங்கப்பா இருந்தா ஊர்வலம் விட்டிருப்பாரு."

வீட்டில் ஒயின் கோப்பை இல்லை. மதலேன் அலமாரியிலிருந்து மூன்று எவர்சில்வர் டம்ளரை எடுத்துவைத்தாள். சபாநாயகம் பதறிப்போனார்.

"குருவே, நிறம் தெரியாதே!"

"இன்னைக்கு நிறம் வேண்டாம்."

குப்பியில் இருந்தது மூன்று டம்ளரின் அடியைத்தான் மூடியது.

"என்னது இது?" என்றாள் செலஸ்தீன்.

"போன செப்டம்பர்ல நீங்க பொறுக்கினது."

செலஸ்தீன் டம்ளருக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாய் குடிச்சதில்ல பாரேன்," என்றாள். உதட்டில் வைத்தாள். முகம் மொத்தமும் சுருங்கிற்று. "ஐயோ! நாவப்பழத்தை இரும்புச் சட்டியில வேகவெச்சாப்ல இருக்கு."

பிறகு கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"ஒரு காம்பு என் கண்ணுக்குத் தப்பியிருக்கு," என்றாள்.

"ரெண்டும்மா."

"ஒண்ணு. ரெண்டுன்னு எவ சொன்னாலும் நம்ப மாட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். செலஸ்தீனுக்குச் சிரிப்பு இருமலாயிற்று. சபாநாயகம் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஸ்வெட்டருக்குள் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அவள் தண்ணீர் வேண்டாம் என்று கையாட்டினாள்.

"இது எப்போ குடிக்கிற பதத்துக்கு வரும்?"

மதலேன் தயங்கவில்லை. "இருபது வருஷம் ஆகும்."

"அப்போ எப்படி இருக்கும்?"

"சாந்தமா இருக்கும். மழை பெஞ்ச தோட்டம் மாதிரி மணக்கும். காம்பு தெரியாது. நாவப்பழமும் இருக்காது."

"அப்போ இது எங்க போகும்?"

"இது போயிடும்மா. பாட்டிலுக்குள்ளகூட வராது."

"பாவம்," என்றாள் செலஸ்தீன். இன்னொரு வாய் வைத்துக்கொண்டாள். இந்த முறை முகம் அவ்வளவாகச் சுருங்கவில்லை.

சபாநாயகம் தன் டம்ளரை வாயில் சரித்துக்கொண்டார். பழகிய வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. நாக்கின்மேல் உருட்டி, பல்லிடுக்கால் காற்றை இழுத்து, கன்னத்துக்குக் கன்னம் மாற்றியது. காம்பு தெரிந்தது. கசப்பாக, பச்சையாக, ஒன்றே ஒன்று. அறுவடை நாட்களில் அவள் மணிக்கட்டுவரை ஊதா நிறமாய் வீடு திரும்புவாள். கட்டிக்கொள்ளப் போனால், சட்டை பாழாயிடும் என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

செலஸ்தீன் கையை நீட்டி அவர் சட்டைப்பையிலிருந்த தாளை உருவினாள். மேசைமேல் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. என்னங்க, பேர் எழுதப்போறீங்களா, இல்லையா?"

அவர் வாய் நிறைய ஒயின் இருந்தது. மதலேனைப் பார்த்தார். அவள் தாம்பாளத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபாநாயகம் எழுந்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கற்றுக்கொண்டபடி, கழுத்தை முன்னால் நீட்டிக் குனிந்தார்.

"ஐயா," என்றாள் மதலேன். "இன்னைக்குத் துப்ப வேண்டாம்."

அவர் குனிந்தபடியே வெகுநேரம் நின்றார். பிறகு விழுங்கினார்.

அவருக்குப் பின்னால் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. செலஸ்தீன் இரண்டு பேர் பெயரையும் எழுதினாள், தன்னுடையதை முதலில்.

அறுவடை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, அவள் இறந்துபோனாள். ஒயின் அப்போது பீப்பாயில்தான் இருந்தது.