மூக்கை நம்பிய மூஞ்சூறு

குட்டைக் கரையில், இரண்டு கருங்கல்லுக்கு நடுவே இருந்த இடுக்கில், வடிவு என்ற மூஞ்சூறு ஐந்து குட்டிகளோடு குடியிருந்தாள். வடிவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மூஞ்சூறு இனத்துக்கே அப்படித்தான். ஆனால் மூக்கு இருக்கிறதே, அடேயப்பா! தெருக்கோடி வீட்டில் கருவாடு வறுத்தால், அது என்ன கருவாடு என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்.

மூஞ்சூறு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பினால் அம்மா முன்னால் போவாள். மூத்தது அம்மாவின் வாலைக் கவ்வும். அதன் வாலை அடுத்தது கவ்வும். இப்படியே கடைசிவரை ரயில் பெட்டி மாதிரி போவார்கள். கவ்விய வாயைத் திறக்கவே கூடாது! பசித்தாலும் சரி, முள் குத்தினாலும் சரி, போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சு. அதில் வடிவு மகா கண்டிப்பு.

ஒருநாள் காலையில் குட்டைக்கு லாரி வந்தது. இடிந்த செங்கல்லையும் மண்ணையும் கொட்டியது. அது போனதும் இன்னொன்று வந்தது. குட்டையை மூடி யாரோ வீடு கட்டப் போகிறார்களாம். கொட்டிய மண் சரிந்து சரிந்து வடிவின் வாசல்வரை வந்துவிட்டது.

"ஐயோ, இன்னொரு லாரி வந்தா எம்புள்ளைங்க உயிரோட புதைஞ்சிரும்!" என்று வடிவு பதறினாள். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருந்தது. அங்கே போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் பெரிய ரோடு! பஸ்ஸும் பைக்குமாக இடைவெளியே இல்லாமல் பறக்கிற ரோடு. கண் தெரியாத தாயும் வால் பிடித்த குட்டிகளும் அதைக் கடப்பதாவது!

அப்போது பம்பையன் தத்தித் தத்தி வந்தான். பம்பையன் ஒரு தேரை. வாயைத் திறந்தால் மூடமாட்டான். அதனாலேயே அவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, பாவம்.

"வடிவக்கா! ரோட்டு மேல போகாதீங்க. அடியில போங்க! ரோட்டோரம் கம்பி போட்ட ஓட்டை இருக்குல்ல, அது மழைத்தண்ணி போற கால்வாய். நேரா ஏரியிலதான் கொண்டுபோய் விடும். நான் போன வாரம்கூட அங்க ஒரு கரப்பான் பூச்சியைத் துரத்திக்கிட்டு..."

"கரப்பான் பூச்சி கதை இப்ப எதுக்குப்பா?"

"சரி, விடுங்க. ஆனா பக்கத்துலயே வட்ட மூடி போட்ட குழி ஒண்ணு இருக்கு. மூடி ஒரு ஓரம் உடைஞ்சிருக்கும். அதுல மட்டும் இறங்கிராதீங்க! அது பாதாளச் சாக்கடை. அது வேற, இது வேற!"

"எது சாக்கடைன்னு எனக்கே சொல்றியா? என் மூக்கு என்ன ஊருக்குப் போயிருக்கா?" என்றாள் வடிவு.

"மூக்கை வச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாதுக்கா..."

அவ்வளவுதான்! வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போப்பா, உன் வேலையைப் பார்த்துக்கிட்டு!" என்று சொல்லிவிட்டுக் குட்டிகளைக் கூப்பிட்டாள். "வாலைப் பிடிங்க! வாயைத் திறந்தீங்கன்னா தெரியும் சேதி!"

ரயில் கிளம்பியது.

ரோட்டோரம் வந்து வடிவு முதலில் கம்பி போட்ட ஓட்டையை மோந்து பார்த்தாள். உவ்வே! பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் பாத்திரம் கழுவிய எச்சில் தண்ணீரையெல்லாம் அதில்தான் ஊற்றுகிறார். புளித்த சால்னா நாற்றம் குடலைப் பிடுங்கியது.

பிறகு வட்ட மூடியின் உடைந்த ஓரத்தில் மூக்கை வைத்தாள். ஆஹா! சோப்பு வாசனை! மல்லிகைப்பூ ஷாம்பு வாசனை! அது காலை நேரம் அல்லவா? அடுக்குமாடி வீடுகளில் எல்லாரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், வடிவுக்கு அது எப்படித் தெரியும்?

"பார்த்தீங்களா? இதுதான் நல்ல தண்ணி போற வழி. அந்தத் தேரை எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லிட்டுப் போறான்!" என்றாள். வாய் அடைத்திருந்த குட்டிகள் தலையை மட்டும் ஆட்டினார்கள். உடைந்த மூடியின் துண்டுகள் படிபோல் உள்ளே விழுந்து கிடந்தன. அதில் இறங்கி, தண்ணீர் ஓடுகிற பக்கமாக ஒரு குழாய்க்குள் நுழைந்தார்கள்.

குழாய் உருண்டையாக இருந்தது. கும்மிருட்டு. காற்று அசையவே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் வழவழவென்று வழுக்கியது. வெளியே பல நாளாக வெயில் கொளுத்தியும் இங்கே மட்டும் தண்ணீர் நிற்காமல் ஓடியது. மழையே இல்லாதபோது இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வடிவு ஒரு நிமிடம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். ஆனால் அவள்தான் மூக்கை விட்டு வேறு எதையும் கேட்கமாட்டாளே!

கொஞ்ச தூரம் போனதும் சோப்பு வாசனை அடங்கி, கெட்டுப்போன முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. வடிவு தயங்கி நின்றாள். திரும்பிவிடலாமா? பம்பையன் முகத்தில் எப்படி முழிப்பது? 'இன்னும் நாலடி போய்ப் பார்க்கலாம். நாத்தம் அதிகமானா திரும்பிரலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

நாற்றம் அதிகமாகவில்லை. சட்டென்று நின்றே போனது!

"அப்பாடா! தாண்டிட்டோம்டா கண்ணுங்களா. நாத்தம் போயிருச்சு! இனிமே பயமில்லை" என்றாள் வடிவு. வேகமாக நடந்தாள். ஏனோ தலை லேசாகச் சுற்றியது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் குட்டிகளுக்குக் கால் பின்னியது, கண் எரிந்தது. ஆனால் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வாயில்தான் வால் இருக்கிறதே!

குட்டிகளில் மூன்றாவது மிளகி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் அவள். அவளுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பிறந்த நாளிலிருந்து எந்த இருட்டிலும் அவளை விட்டுப் போகாத ஒன்று இப்போது இல்லை. அவள் வாலை விட்டுவிட்டாள். வாயைத் திறந்து கத்தினாள்.

"அம்மா! உன் வாசமே வரலை! நீ முன்னாடி இருக்கியாம்மா?"

"வாலை விட்டியா?" என்று வடிவு சீறினாள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பிடிடி வாலை!"

"அம்மா, நீ பேசறது கேக்குது. ஆனா உன் வாசம் வரலை. அண்ணன் வாசமும் வரலை. யார் வாசமும் வரலைம்மா!"

வடிவுக்குத் திக்கென்றது.

மூஞ்சூறு வாடை என்றால் லேசுப்பட்டதா? பூனைகூட மூஞ்சூறைப் பிடித்த வேகத்தில் துப்பிவிட்டு ஓடும். அவ்வளவு கடுமையான வாடை! அதுவா வரவில்லை? வடிவு தலையைத் திருப்பித் தன் விலாவையே மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. மூத்தவன் தலையை மோந்தாள். ஒன்றுமே இல்லை.

"ஐயையோ! நாத்தம் போகலைடா! போனது நம்ம மூக்கு!" என்று அலறினாள். "இது விஷக் காத்து! திரும்புங்க, திரும்புங்க!"

ஆனால் எப்படித் திரும்புவது? தண்ணீருக்கு மேலே ஒரு ஓரத்தில் மட்டும்தான் கால் வைக்க இடம். குட்டிகளைத் தாண்டி அவள் முன்னால் போக வழியில்லை. தாண்டப் பார்த்தால் யாராவது தண்ணீரில் விழுவார்கள்.

மூஞ்சூறு குலத்தில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றை வடிவு செய்தாள். "கடைசியில நிக்கறவன் யாரு? கட்டையனா? அப்படியே திரும்புடா ராசா. இப்ப நீதான் முன்னாடி! தண்ணி எதிர்ல வர்ற பக்கமா நட. மத்தவங்க எல்லாம் திரும்பி முன்னாடி இருக்கறவன் வாலைப் பிடிங்க. நான் கடைசியில வரேன்!"

"எனக்கு வழி தெரியாதேம்மா!" என்று கட்டையன் அழுதான்.

"எனக்கும் தெரியாதுடா தங்கம். நட!"

கட்டையன் நடந்தான். தண்ணீர் காலில் எதிர்த்து மோதுகிற பக்கமாகவே நடந்தான். வடிவு மூத்தவன் வாலைக் கவ்விக்கொண்டு பின்னால் போனாள். பாதி வழியில் மூத்தவன் கால் மடங்கி விழுந்தான். அவன்தானே அம்மாவோடு ஆழம்வரை போனவன்! நினைவு தப்பியும் அவன் பல் மட்டும் தம்பியின் வாலை விடவில்லை. முன்னால் இருந்தவர்கள் இழுத்தார்கள். வடிவு வாலை விட்டுவிட்டுத் தலையால் முட்டி முட்டித் தள்ளினாள். 'என் உயிரை எடுத்துக்கோ. இவனை விட்ரு' என்று யாரிடம் கெஞ்சுகிறோம் என்று தெரியாமலே கெஞ்சினாள்.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. "வடிவக்கா! ஓ வடிவக்கா! இங்க, இங்க!"

பம்பையன்தான்! திட்டு வாங்கிக்கொண்டு போனவன் மனசு கேட்காமல் திரும்பி வந்து, உடைந்த மூடியில் தலையை விட்டுத் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருநாளும் ஓயாத அந்த வாய் அன்றைக்கும் ஓயவில்லை. கட்டையன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தான்.

மூத்தவனை மண்ணில் கிடத்தினார்கள். வடிவு அவன் முகத்தை நக்கினாள், நெஞ்சை நக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து அவன் ஒரு தும்மல் போட்டான். வடிவு அழுத அழுகை இருக்கிறதே, பம்பையனுக்கே கண் கலங்கிவிட்டது.

"நீ சொன்னதை நான் கேக்கலைப்பா" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்க்கா. முதல்ல மூச்சு வாங்குங்க" என்றான் அவன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை! பம்பையன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சின்னதாகப் பேசியது அன்றைக்குத்தான்.

எல்லாருக்கும் கால் ஊன்றி நிற்கத் தெம்பு வந்ததும் கம்பி போட்ட ஓட்டைக்குப் போனார்கள். வடிவு மூக்கை நீட்டவில்லை. நீட்டினாலும் பயனில்லை. மூக்கு இன்னும் மரத்துத்தான் இருந்தது.

"அப்ப எதை வச்சுப்பா தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டாள்.

"சுத்தி மோந்து பார்க்காம, சுத்தித் தொட்டுப் பாருங்கக்கா. தரையில என்ன தட்டுப்படுது?"

வடிவு உள்ளே இறங்கி, எச்சில் தண்ணீர் படாத ஓரத்தில் காலால் துழாவினாள். "சருகு. காய்ஞ்ச மண்ணு. ஒரு டீ கப்பு."

"ரோட்டுல கிடக்கறதுதானே உள்ள வந்திருக்கு? அப்ப இது மேலேருந்து மழை அடிச்சுக்கிட்டு வர்ற வழி. சாக்கடைக்குள்ள சருகு ஏது? மீசையில என்ன படுது?"

"காத்து! அந்தக் கோடியிலேருந்து காத்து வருது! அப்ப அந்தக் கோடி திறந்துதான் இருக்கு!" என்றாள் வடிவு.

"மூலையில என் மீசையில ஒட்டுதும்மா, சிலந்தி வலை!" என்றாள் மிளகி. "இங்க மூச்சு விட முடியலைன்னா சிலந்தி எப்படி இருக்கும்?"

"அட, இது எனக்கே தோணலையே!" என்று பம்பையன் சிரித்தான். "மழைக்கு மட்டும் இதுல இருக்கக் கூடாது. ஒரு தூறல் போட்டா வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிரும். இன்னைக்கு வானம் வெறிச்சுன்னு கிடக்கு. தைரியமாப் போகலாம், வாங்க. நானும் வரேன்."

சால்னாத் தண்ணீர் நாலு முழத்துக்குத்தான். அதற்கப்புறம் அகலமான காய்ந்த கால்வாய். அங்கங்கே கம்பி வழியாக வெளிச்சம் விழுந்தது. தலைக்கு மேலே பஸ்கள் தடதடவென்று ஓடின. வெளிச்சம் விழுகிற இடத்திலெல்லாம் வடிவு ரயிலை நிறுத்தினாள். "எல்லாரும் வாலை விடுங்க. யாருக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க!" என்றாள்.

அவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டார்கள்! ஒருத்திக்குப் பசி. ஒருத்தனுக்குக் கால் வலி. கட்டையன், குழாயிலிருந்து திரும்பி வரும்போது தன் வாலை அக்கா ரொம்ப அழுத்திக் கடித்துவிட்டாள் என்று முறையிட்டான். வடிவு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். எதுவுமே விஷக் காற்று இல்லை. ஆனாலும் கேட்டாள்.

கால்வாய் முடிகிற இடத்தில் வெயில் பளீரென்று அடித்தது. நாணல் சரசரத்தது. குட்டிகள் குதித்தார்கள். வடிவு தன் மூக்கைத் தூக்கிக் காற்றில் ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"அம்மாவுக்கு இன்னும் வாசம் தெரியலைடா. உங்களுக்கு ஏதாவது வருதா?" என்று கேட்டாள்.

"எனக்கு லேசா வருதும்மா!" என்றாள் மிளகி. "ஈர மண்ணு வாசம். தாமரை இலை வாசம். அப்புறம்... அப்புறம் நத்தை வாசம்மா! நிறைய நத்தை!"

"அப்ப ஏரிதான். இறங்குங்க!" என்றாள் வடிவு.

ஆபத்து தன் புலனுக்குத் தெரியாததாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே வழிநடத்துகிறவர், தன்னைப் பின்தொடர்ந்து வருகிறவர்களை வாய் திறந்து பேச விட வேண்டும்.