உப்புப் படாத தாயத்து

ஜப்பானில் ஒரு மீனவ ஊர். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு ஷின்டோ கோயில். கடலுக்குப் போகிறவர்கள் அங்கே தாயத்து வாங்கி உடம்போடு வைத்துக்கொள்வார்கள். வருடம் முடிந்ததும் கொண்டுவந்து கொடுத்தால், நன்றி சொல்லி நெருப்பில் இட்டுவிட்டுப் புதியது தருவார்கள்.

பூசாரி இத்ஸுகோ என்ற பெண். அவருடைய சீடர் கென்ஸோ அவரைவிட வயதில் மூத்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

அன்று கென்ஸோ பழைய தாயத்துகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் உப்பேறி வெளுத்துப்போய் மீன் வாடை அடித்தன. ஒரு பெண் நீட்டியது மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

"அடடா, உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்!" என்றார், ஆள் யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே.

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பெயர் சாயோ. போன புயலில் கவிழ்ந்த படகில் அவள் கணவன் இருந்தான்.

"மேல்சட்டையைத் துவைக்கும்போது, நனைந்துவிடுமே என்று இதை எடுத்து வைத்தேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன். நான்தான் அவரைக் கொன்றேன்," என்றாள்.

கேட்கவே பாவமாக இருந்தது. கென்ஸோ நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இத்ஸுகோ எழுந்து வந்தார். சாயோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இது கூட இருந்திருந்தால் அவர் திரும்பியிருப்பார், இல்லையா?"

வரிசையில் நின்ற மீனவர்கள் அத்தனை பேரும் பூசாரியின் வாயையே பார்த்தார்கள்.

இத்ஸுகோ உள்ளே போய் வேறொரு தாயத்தை எடுத்துவந்தார். அது உப்புப் பூத்து விறைத்திருந்தது.

"என் தம்பி செய்ஜியும் அதே படகில்தான் போனான். அவன் உடல் கரை ஒதுங்கியபோது இது கழுத்தில் இருந்தது," என்றார்.

சாயோ அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்ஸுகோவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு இருவருமாக இரண்டையும் நெருப்பில் இட்டார்கள்.

வரிசையில் பாதிப் பேர் புதிய தாயத்து வாங்காமலே போய்விட்டார்கள்.

கென்ஸோவுக்குப் பொறுக்கவில்லை. "குருவே, அத்தனை பேர் முன்னால் நம் தெய்வம் காப்பாற்றவில்லை என்று சொல்லிவிட்டீர்களே! பழி இப்போது தெய்வத்தின் மேல் அல்லவா விழுந்துவிட்டது?"

"ஆமாம்," என்றார் இத்ஸுகோ. "தெய்வம் தாங்கிக்கொள்ளும். அவளால் முடியாது."