எலி தின்ற யூரியா

என் அப்பா சடையனுக்கும் அம்மா தீர்த்தாயிக்கும் கல்யாணமான வருஷத்துக் கதை இது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து மறுத்து, இருவருமாகவே சொல்வார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலித்ததில்லை. கடைசியில் ஒரு கேள்வி வரும், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

மலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம். புதுமருமகள் பிறந்த வீட்டு நெல் விதையை மடியில் கட்டி வருவாள். மேட்டுக் கொல்லையில் மழையை நம்பி அதையும் புகுந்த வீட்டு விதையையும் பக்கத்துப் பக்கத்தில் விதைப்பார்கள். களத்தில் எது அதிகமோ அது குதிருக்குப் போகும். இனி அதுவே வீட்டு விதை. தோற்றது உலைக்கு. அந்தக் கொல்லைக்கு உரம் போடும் பழக்கம் கிடையாது. வாங்குகிற கொஞ்சம் யூரியாவும் பள்ளத்து மரவள்ளிக்குத்தான்.

அம்மா கொண்டுவந்தது நெட்டை நெல். அவள் அப்பாவிடம் இருந்த கடைசி விதை அது. உலைக்குப் போனால் அந்த நெல்லே இல்லாமல் போய்விடும். இந்தப் பக்கம், அப்பாவின் அக்கா வெள்ளச்சி அரூரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த புதுக் குட்டை நெல். அத்தை சொல்வதுதான் வீட்டில் முடிவு.

களை எடுத்து முடிந்ததும், மனைவி ஜெயிக்கட்டும் என்று அப்பா மரவள்ளி மூட்டையிலிருந்து ஒரு கூடை யூரியாவை அள்ளி அவள் நெல்லுக்கு வீசினார். வந்த வருஷமே புருஷன் வீட்டைத் தோற்கடிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அவளும் அதே கூடையால் ஒரு கூடை அள்ளிக் குட்டை நெல்லுக்கு வீசினாள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அவசரத்தில் இருவருமே பாறைக்கு அப்பால் இரண்டு நெல்லும் விதைத்திருந்த சின்னத் துண்டுக்குப் போகவில்லை. மூட்டை இளைத்தது ஏன் என்று அத்தை கேட்டபோது, எலி என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். யூரியா தின்னும் எலி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

நெட்டை நெல் கருகருவென்று மார் உயரம் வளர்ந்தது. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றுமழை. மொத்தமும் படுத்து, மணி மண்ணிலேயே முளைவிட்டது. குட்டை நெல் அசையாமல் நின்று களத்தை நிறைத்தது. பாறைக்கு அப்பால் மட்டும் நெட்டை இடுப்பளவில் நிமிர்ந்து நின்றது. அங்கே குட்டை வெளுத்து, பாதி பதராகத் தெரிந்தது. அந்தத் துண்டை யாரும் இன்னும் அறுக்கவில்லை.

தேறிய கொஞ்ச நெட்டை நெல்லை அத்தை உலைக்கு அள்ளப் போனாள். அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அது சாஞ்சது என்னாலதான். நான்தான் யூரியா வீசினேன்."

"நானும் இவுங்க நெல்லுக்கு வீசினேன், அண்ணி," என்றாள் அம்மா.

அத்தை யோசித்தாள். "ரெண்டுக்கும் ஒரே கூடை. ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு விழுந்துச்சு. போட்டி சரிதானே?"

நீங்கள் சொல்லுங்கள். அத்தை சொன்னது சரியா? எந்த நெல் குதிருக்குப் போக வேண்டும்?

விடை: அளவு சமம்தான், ஆனால் போட்டி சரியில்லை. யூரியாவைப் போட்டால் குட்டை நெல் அதை மணியாக்கும். நெட்டை நெல் உயரமாக்கி விழும். உரமே காணாத கொல்லைக்கு எது ஏற்றது என்பதல்லவா கேள்வி? அதற்குப் பதில் பாறைக்கு அப்பால் நின்றது. அம்மா அத்தையின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனாள். நெட்டை குதிருக்குப் போனது. குட்டை, யூரியா கிடைக்கும் பள்ளத்துக்கு இறங்கியது. இன்று அம்மா இல்லை. அவள் நெல்லை அப்பா இந்த வருஷமும் விதைத்திருக்கிறார். மரவள்ளிக்கு மூட்டை வந்தால் மட்டும் அதன் வாயைக் கட்டாமல் விட்டுவைக்கிறார். ஏன் என்று கேட்டால், எலி வரட்டுமே என்கிறார்.